“வீட்ல அந்தச் சூழல் இல்லைங்க”: ஆங்கிலம் கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பதினாறு வருடமாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் கால் வைத்த பிள்ளைகள். மீதிப் பேர் பனியன் கம்பெனி, விசைத்தறி, கடை என்று வேலை பார்த்துக்கொண்டே வருகிறவர்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: “வீட்ல அந்தச் சூழல் இல்லைங்க.” அந்தச் சொல்லைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் படித்தும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வரவில்லையே, ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பீரியட் 40 நிமிடம், வகுப்பில் 40 பேர். ஆசிரியர் பாதி நேரம்தான் பேசுகிறார், மீதி 20 நிமிடத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுகிறார் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 நொடி கிடைக்கும். வருடத்துக்கு 200 வேலை நாள் என்றால் 100 நிமிடம். 12 வருடத்துக்கும் சேர்த்து 20 மணி நேரம். ஒரு முழு நாள்கூட வரவில்லை.

அந்த 30 நொடியும் கோரஸாகப் பாடம் ஒப்பிப்பதிலேயே போய்விடும். “சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா” என்பதைத் தாண்டி, தன் மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்வதற்காக ஆங்கிலத்தில் வாய் திறந்த பிள்ளை மிகக் குறைவு. “எனக்கு மண்டையில ஏறாது சார்” என்று வருகிறவர்களுக்கு முதல் நாள் இந்தக் கணக்கைத்தான் போர்டில் எழுதிக் காட்டுவேன். இருபது மணி நேரத்தில் யாருக்குத்தான் சைக்கிள் தவிர வேறு எது வந்துவிடும்?

சூழல், சூழல் என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

எங்கள் ஊரிலிருந்து துபாய், ஷார்ஜா, தோஹா என்று போனவர்கள் நிறைய. பதினைந்து வருடம் இருந்துவிட்டு வருவார்கள். அவர்களிடம் அரபு தெரியுமா என்று கேளுங்கள். பலருக்கும் பத்து இருபது சொல்லோடு நின்றிருக்கும். ஆனால் இந்தி சரளமாக வரும். மலையாளம் அதைவிடச் சரளமாக வரும். சுற்றிலும் கடைப் பலகை, வானொலி, தொழுகை அழைப்பு எல்லாம் அரபுதான். இருந்தும் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் மலையாளி. சைட்டில் மேஸ்திரி இந்தி பேசினவர். சம்பளம் வரவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, ஊரில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதையெல்லாம் யாரிடம் சொல்ல வேண்டியிருந்ததோ, அவர்களுடைய மொழி வந்துவிட்டது.

நான் சூழல் என்று சொல்வது இதைத்தான். காதில் விழும் மொழி எல்லாம் கணக்கில் சேராது. உங்கள் பேச்சுக்காக ஒரு ஆள் காத்திருக்க வேண்டும், நீங்கள் சொன்னது புரியாவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும், புரிந்தால் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் வெளிநாட்டில் போய்ப் படித்தால் தானாக வந்துவிடுமா?

தானாக வராது. பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை வைத்து 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. மூன்று குழுக்கள். ஒன்று உள்ளூர்க் கல்லூரியிலேயே வழக்கமான வகுப்பில் படித்தது. இரண்டாவது பிரான்சுக்கே போனது. மூன்றாவது அமெரிக்காவிலேயே கோடை முகாமில் தங்கியது. அங்கே சாப்பாடு, விளையாட்டு எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்க வேண்டும். சரளத்தில் அதிகம் முன்னேறியது முகாமில் இருந்தவர்கள். பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் பிரெஞ்சைவிட ஆங்கிலமே அதிகம் பேசியிருக்கிறார்கள். வெளியூர்ப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் நம் பிள்ளைகள் ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து உட்கார்வதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழி கற்றல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பேர்.

ஒருவர் ஹவாய்க்குக் குடிபெயர்ந்த ஜப்பானிய ஓவியர். ஆய்வில் அவருக்கு வைத்த பெயர் வெஸ். ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் மூன்று வருடம் அவருடைய பேச்சைப் பதிவுசெய்து 1983-ல் எழுதினார். வெஸ் கலகலப்பான மனிதர், கூச்சமே இல்லாதவர், நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்களோடு பழகினவர். உரையாடலில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் இலக்கணம் மூன்று வருடத்தில் பெரிதாக நகரவே இல்லை. எப்படியும் தான் சொல்வது புரிந்துவிடுகிறது என்பதால், சொல்லும் விதத்தை அவர் கவனிக்கவில்லை.

இன்னொருவர் இருபத்தொரு வயதில் எகிப்தியரை மணந்து கெய்ரோவுக்குப் போன ஆங்கிலேயப் பெண். ஆய்வில் ஜூலி என்று பெயர். போன கொஞ்ச நாளிலேயே கணவர் ராணுவ சேவைக்குப் போக நேர்ந்தது. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாத உறவினர்களோடு இவர் தனியே இருக்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடம் போய் அரபு படிக்கவில்லை. ஆனால் கேட்பதையெல்லாம் கூர்ந்து கவனித்தார், வடிவங்களைப் பற்றி யோசித்தார், தவறு தெரிந்தால் திருத்திக்கொண்டார். பல வருடம் கழித்து அவருடைய பேச்சைக் கேட்ட எகிப்தியர்களில் பெரும்பாலோர் அவரை அந்த ஊர்க்காரர் என்றே நினைத்தார்கள்.

இருவரைச் சுற்றியும் மனிதர்கள் இருந்தார்கள், பேச்சு இருந்தது. ஜூலி அதோடு கவனத்தையும் சேர்த்துக்கொண்டார். என் வகுப்பில் பேச்சுப் பழகியவர்களுக்குக்கூட நான் இலக்கணத்தை விடாமல் சொல்லித் தருவது இதனால்தான்.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் போதாதா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். முழுக்க இன்னொரு மொழியில் படிக்க வைப்பது பலித்ததற்குப் பெரிய சான்றாகச் சொல்லப்படுவது கனடாவின் கதை. 1965-ல் மாண்ட்ரியால் நகரை ஒட்டிய செயிண்ட் லாம்பெர்ட் என்ற இடத்தில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். பெற்றோர்களே போராடிக் கேட்டு வாங்கிய வகுப்பு அது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பெர்ட் குழுவினர் வருடக்கணக்கில் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் பிள்ளைகள் மிக நன்றாக வந்தார்கள். ஆங்கிலமும் கெடவில்லை.

நம் ஊர் விளம்பரங்கள் இதுவரைக்கும்தான் சொல்லும். அங்கே இருந்த மற்ற விஷயங்களையும் பார்க்க வேண்டும். ஆசிரியருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் பேசினாலும் ஆசிரியர் புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொல்வார், திட்ட மாட்டார். பிள்ளையின் தாய்மொழி அந்த நாட்டில் மதிப்புள்ள மொழி. பின்னால் அதையும் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தார்கள். இத்தனை இருந்தும் அந்தப் பிள்ளைகளின் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிசகுகள் நீடித்தன. கேட்பது ஏராளம், தாங்களே நீளமாகப் பேசுவது குறைவு என்பது ஒரு காரணம் என்று மெரில் ஸ்வைன் 1985-ல் எழுதினார்.

இப்போது நம் பக்கத்துப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர் அதைத் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் நோட்ஸ் கொடுக்கிறார். பிள்ளை மனப்பாடம் செய்து எழுதுகிறது. இதில் ஆங்கிலமும் வராது, அறிவியலும் அரைகுறையாக நிற்கும். பலகையில் என்ன மீடியம் என்று போட்டிருக்கிறது என்பதைவிட, வகுப்புக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை முறை சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அனுமதி கிடைக்காது என்றால் பிள்ளையிடம் கேளுங்கள், “இன்னைக்கு கிளாஸ்ல நீ என்ன கேள்வி கேட்ட?” என்று.

பேச்சு வந்துவிட்டதே என்று ஏமாறுவதும் உண்டு. டொரோண்டோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் ஒரு வேறுபாட்டைக் கண்டார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது. பாடத்தைப் படித்து, வாதிட்டு, எழுதும் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் பிள்ளைக்குக் கைகொடுப்பது தாய்மொழியில் ஏற்கெனவே இருக்கும் படிப்பு. தமிழில் ஒரு பத்தியைப் படித்துச் சாரம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதே வேலை ஆங்கிலத்திலும் சீக்கிரம் கைவருவதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

நாங்கள் வீட்டில் தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலத்தில் பேச வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வரும், விருப்பமும் இருக்கிறது என்றால் பேசுங்கள், தப்பில்லை. வராது என்றால், “கம் ஹியர், ஈட் மம்மு” என்ற அளவில் பேசி, பிள்ளையோடு பேச வேண்டிய ஆயிரம் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பாட்டி சொல்லும் கதை, சந்தையில் பேரம் பேசியது, பக்கத்து வீட்டுச் சண்டை எதனால் வந்தது என்பதெல்லாம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மொழி. அது உங்களிடம் தமிழில்தான் முழுசாக இருக்கிறது.

இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்ற பயமும் தேவையில்லை. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழுமாகத் தலைமுறை தலைமுறையாக வளர்கிறார்கள். கோவை, திருப்பூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் எத்தனை! யாரும் குழம்பிப்போகவில்லை.

தமிழில் பேசினால் ஃபைன் என்று ஒரு பள்ளியில் விதி. அது உதவுமா?

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. அப்படியொரு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு என்னிடம் வந்த பெண் ஒருத்தி. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஃபைன் கட்டியிருக்கிறாள். அவள் அங்கே பழகிக்கொண்டது பேசாமல் இருப்பதை. இடைவேளையில்கூட வாய் திறக்க மாட்டாளாம். என் வகுப்பில் முதல் இரண்டு மாதம் தலையாட்டல் மட்டும்தான். அவள் முதன்முதலாகச் சொந்தமாகப் பேசியது தன் வீட்டு ஆடு குட்டி போட்ட கதை. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நான் நடுவில் ஒரு சொல்கூடத் திருத்தவில்லை.

காசு வாங்கினால் தமிழ் நிற்கும். அந்த இடத்தில் ஆங்கிலம் தானாக வந்து உட்காராது. தெரியாத சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடிக்க விடுங்கள். “டீச்சர், ஐ வாண்ட் அந்த அளவுகோல்” என்று பிள்ளை சொன்னால், “ஓ, யூ வாண்ட் த ஸ்கேல்?” என்று எடுத்துக் கொடுத்தால் முடிந்தது.

பிள்ளைக்குக் கூச்சம் அதிகம். கேட்டால் பதிலே வருவதில்லை.

எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்கப் பள்ளிகளில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீளமாக வந்தன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தாய்மொழியிலேயே அந்த நிலை. நம் பிள்ளை கேள்வியைப் புரிந்து, பதில் யோசித்து, அதை ஆங்கிலத்தில் கோத்து, உச்சரிப்பை நினைத்துப் பயந்து, பிறகு வாய் திறக்க வேண்டும். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணுவேன். முதலில் அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

என் வகுப்பில் ஒடியா பேசும் குழந்தை ஒன்று சேர்ந்திருக்கிறது. நாலு மாதமாக ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. (ஓர் ஆசிரியை கேட்டது)

பயப்படாதீர்கள் டீச்சர். புது மொழிக்குள் வந்து விழும் சின்னப் பிள்ளைகள் பல மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது உலகெங்கும் காணப்படுகிற விஷயம். சொன்னதைச் செய்கிறதா, மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். செய்கிறது என்றால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. பேச்சுப் போட்டியில் நிறுத்த வேண்டாம். பல்லாங்குழி, கோலிக்குண்டு மாதிரி, பேசாமலும் சேர்ந்துகொள்ளக்கூடிய விளையாட்டில் விடுங்கள். வாய்ப்பிருந்தால் இரண்டு ஒடியாச் சொல்லை அந்தக் குழந்தையிடமிருந்து வகுப்பே கற்றுக்கொள்ளட்டும். அதன் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது!

தவறைத் திருத்தலாமா, விட்டுவிடலாமா?

திருத்தலாம், ஆனால் எப்படி என்பதில் விஷயம் இருக்கிறது. ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல், பிள்ளை சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வது. பிள்ளைகள் அதைக் கவனித்துத் தங்கள் பேச்சில் ஏதாவது மாற்றியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. “எப்படிச் சொன்ன? இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டபோது பிள்ளைகள் தாங்களே சரிசெய்துகொண்டார்கள்.

என் வழக்கம் இது. ஒருவர் மனம்விட்டு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட மாட்டேன். முடித்த பிறகு ஒரே ஒரு தவறை எடுத்து, அவரையே சரிசெய்யச் சொல்வேன். பத்துத் தவறையும் எடுத்துக் காட்டினால் மறுநாள் ஆள் வர மாட்டார்.

கார்ட்டூன், யூடியூப் பார்த்தே நிறையப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்களே?

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொற்களும் உச்சரிப்பும் கிடைக்கும். கைக்குழந்தைக்கு நம்பி வைக்காதீர்கள். பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 முறை சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து பேசி, புத்தகம் காட்டி விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. அதே ஆள், அதே பேச்சுதான்.

பெரியவர்கள் படம் பார்ப்பதாக இருந்தால் ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில சப்டைட்டிலே போடுங்கள். நெதர்லாந்து மாணவர்களுக்குப் பழகாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பைக் காட்டிச் சோதித்தபோது, ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்குக் காது பழகியது. தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புது வாக்கியங்களில் அது இடைஞ்சலாகவே இருந்தது.

வகுப்பறையின் கட்டடம், சத்தம் எல்லாம்கூடவா முக்கியம்?

மிக முக்கியம், யாரும் பேசாத விஷயம். தாய்மொழியில் யாராவது பேசும்போது பாதிச் சொல் காதில் விழாவிட்டாலும் மீதியை நாமே ஊகித்து நிரப்பிக்கொள்கிறோம். இரண்டாம் மொழியில் அந்த ஊகம் வேலை செய்யாது. அதனால் ஒரே இரைச்சலில் தாய்மொழிக்காரரைவிட, புதிதாகக் கற்கிறவருக்கு நிறைய விட்டுப்போகும்.

முதல் நாலு வருடம் என் வகுப்பு தகரக் கூரை போட்ட அறையில், பக்கத்திலேயே தறிக்குடோன். பிள்ளைகள் சொற்களின் கடைசி ஒலியை விழுங்குகிறார்கள் என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. இடம் மாறி ஓட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடைசி ‘ஸ்’, ‘ட்’ எல்லாம் அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. மின்விசிறி கடகடத்தால் எண்ணெய் விடுங்கள். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு நடந்தால் பிள்ளைகள் முதுகோடு முதுகாக உட்காரும்படி மாற்றுங்கள். ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது, வாயசைவு தெரிய வேண்டும்.

வயது தாண்டிவிட்டதா? எனக்கு 34.

இல்லை. சுமார் 6.7 லட்சம் பேர் இணையத்தில் எழுதிய இலக்கணத் தேர்வை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, இலக்கணத்தை உள்வாங்கும் திறன் ஏறக்குறைய பதினேழு வயதுவரை குறையாமல் இருப்பதாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு உழைப்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். தாராவியில் குடியேறின திருநெல்வேலிக்காரர்கள் பலர் இந்தியும் மராத்தியும் பழகியது வளர்ந்த பிறகுதானே.

எங்கள் ஊரில் ஆங்கிலம் பேச ஆளே இல்லை. என்னதான் செய்வது?

முதலில் புத்தகம். பீஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 1980 வாக்கில் ஒரு முயற்சி நடந்தது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மாங்குபாய் இருவரும் ஒவ்வொரு வகுப்புக்கும் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். படம் நிறைந்த, பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுக்கிற மாதிரிப் புத்தகங்கள். ஆங்கிலம் பேசும் வீடுகள் அல்ல அவை. இருந்தும் கதை படித்த பிள்ளைகளின் வாசிப்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியது, பின்னால் எழுத்திலும் பேச்சிலும் அது தெரிந்தது. 250 புத்தகம் முடியாது என்றால் 25 வாங்கித் தெருப் பிள்ளைகளுக்குள் சுற்றில் விடுங்கள். ஊர்ப்புற நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், சீந்துவாரில்லாமல் ஓர் அலமாரி இருக்கும்.

அப்புறம், ஒரு துணை. நன்றாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், உங்களைப் போலவே தடுமாறுகிற ஒருவர் போதும். எங்கள் வகுப்பில் பனியன் கம்பெனிச் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் பஸ்ஸில் போகும் இருபத்தைந்து நிமிடமும் ஆங்கிலத்தில்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். தெரியாத சொல்லை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார்கள். மாலையில் அந்த நோட்டோடு என்னிடம் வருவார்கள். முதல் வாரம் சுற்றி இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். மூன்றாவது மாதம் கண்டக்டர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சில்லறை இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்று கேட்டிருக்கிறார். இப்போது மூன்று பேர்.